இரண்டாம் நடை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் எங்கள் காரின் டிரைவர் சீட்டை யாராவது நகர்த்தப் பார்த்தபோதெல்லாம் எனக்கு வந்ததை வெறும் கோபம் என்று சொல்லிவிட முடியாது. அந்த எட்டு மாதத்தில் மெக்கானிக்கிடம் கத்தினேன். பெற்ற பிள்ளைகளிடம் கத்தினேன். வண்டி கழுவ வந்தவரின் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

விஷயம் இதுதான். சீட்டுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். அதைத் தூக்கினால் சீட்டு முன்னும் பின்னும் நகரும். என் தம்பி ஆறடி உயரம். நான் அவன் தோளுக்குத்தான் வருவேன். அவன் கடைசியாக ஓட்டியபோது தள்ளி வைத்த இடத்திலேயே சீட்டு இருந்தது. நான் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு, கால் நுனியால் பிரேக்கைத் தேடித் தேடி மிதித்து ஓட்டினேன்.

"அண்ணே, சீட்டை முன்னால இழுத்துக்கோங்க. இடுப்பு போயிடும்" என்றார் மெக்கானிக்.

"உங்க இடுப்பைப் பாத்துக்கோங்க" என்றேன்.

நானும் தம்பியும் சீட்டு தைக்கிறவர்கள். பஸ் சீட்டு, தியேட்டர் சீட்டு, பல் டாக்டரின் நாற்காலி, எது வந்தாலும் தைப்போம். அளவெடுத்து வெட்டித் தைப்பது நான். பஞ்சு வைத்து ஒட்டுவது, ஏற்றி இறக்குவது, வாடிக்கையாளரிடம் பேசுவது அவன். நான் பேசினால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வர மாட்டார் என்பது அவன் கட்சி. உண்மைதான்.

அந்தக் காரை இரண்டு பேரும் சேர்ந்து பழையதாக வாங்கினோம். நீளமான கார். கூரை வால் வரைக்கும் போகும், பின்கதவு மேலே தூக்கிக்கொள்ளும். கதவைத் திறந்தால் வாய் பிளப்பது போல இருக்கும் என்று தம்பி அதற்கு 'முதலை' என்று பெயர் வைத்தான். சீட்டையெல்லாம் பிரித்துப் போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நாங்களே புதிதாகத் தைத்தோம். முதலையின் வாய்க்குள் பன்னிரண்டு பஸ் சீட்டுக்கு மேல் போகாது. அதனால் எங்கள் கடையில் எதையும் இரண்டு நடையாகத்தான் கொண்டுபோவோம். தம்பி ஒவ்வொரு சீட்டையும் உள்ளங்கையால் தட்டி எண்ணி ஏற்றுவான். எண்ணி முடித்ததும் "அவ்வளவுதான், போலாம்" என்பான். மிச்சம் இரண்டாவது நடை. இந்தப் பேச்சு கடையிலிருந்து வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அரிசி மூட்டையா, விருந்தாளியா, எது மிஞ்சினாலும் "ரெண்டாவது நடைல பாத்துக்கலாம்" என்போம்.

ஒரு சனிக்கிழமை அவன் பஸ் டிப்போவுக்கு முதல் நடை போனான். ஏழாவது சீட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தானாம். அப்புறம் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. படுபாவி, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு நான்தான் போனேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அவனுடைய மூத்த பெண் தோளில் துண்டோடு கேட்டருகே நின்றிருந்தாள். ஒன்பது வயது. வீட்டில் எல்லாரையும் அதிகாரம் பண்ணுவாள், அதனால் தம்பி அவளை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவான். முகம் கழுவிவிட்டு வந்து நிற்கிறாள் போல என்று நினைத்தேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அந்தத் துண்டைப் பற்றி அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

தம்பி மனைவியையும் பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். என் பிள்ளைகள் இரண்டு, அவன் பிள்ளைகள் இரண்டு, நாங்கள் மூன்று பேர். மொத்தம் ஏழு. முதலையில் ஐந்து பேர்தான் உட்காரலாம். என் மனைவி முதல் மாதமே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு மினிவேன் வாங்கிடலாம்."

"அதுவும் ஒரு வண்டியா? ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டுச் சக்கரம் மாட்டின மாதிரி."

"எல்லாரும் ஒண்ணா போலாம்ல?"

"ரெண்டு நடை போனா என்ன குறைஞ்சு போச்சு? முதல் நடை நம்ம பசங்க, ரெண்டாவது நடை அவங்க."

"எப்பப் பாத்தாலும் அவங்கதான் ரெண்டாவதா?"

"அவங்க ஸ்கூல் லேட்டாத் தொடங்குது. அதுக்கு நான் என்ன பண்றது? நானா மணி அடிக்கிறேன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். முதலையை விற்றால் அந்த சீட்டும் போய்விடும். எனக்கு அதுதான் பயம். அவன் சட்டைகளைக் கொடுத்துவிட்டோம், செருப்பைக் கொடுத்துவிட்டோம். அவன் உட்கார்ந்த அளவு ஒன்றுதான் அப்படியே இருந்தது. அளவெடுத்துப் பிழைக்கிறவன் நான். அதை எப்படிக் கலைப்பேன்?

ஆக தினமும் காலையில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். மேனேஜரும் அவள் தம்பி ஐந்து வயதுப் பொடியனும் கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். கேட்டைத் திறந்து விடுவது அவள்தான், மூடுவதும் அவள்தான். "நீங்க ரெண்டாவது நடை" என்று கை காட்டிவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது அதே ஸ்டூலில் அதே மாதிரி இருப்பார்கள். எவ்வளவு சமத்துப் பிள்ளைகள் என்று பெருமையாகக்கூட இருந்தது. எனக்கு மூளை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

போன மாதம் மச்சான் தன் வீட்டுக்கு எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். வீடு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி. முதல் நடையில் மனைவி, என் பிள்ளைகள், மிச்ச இடமெல்லாம் பாத்திரங்கள். தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை முடித்து நேரே வந்துவிடுவாள். சின்னதுகள் இரண்டும் இரண்டாவது நடை. "அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடமும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினால் மழை பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. பாலத்துக்கு நடுவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஹாரன் அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். டீச்சரம்மாவுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீடு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது.

இரண்டும் கேட்டிலேயே நின்றன. டீச்சரம்மாவின் பெரிய குடை ஒன்று அவர்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. பொடியன் கால்சட்டையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு அழுது ஓய்ந்திருந்தான். டீச்சரம்மா தன் வாசலிலிருந்து, "நானும் எத்தனை தடவை வந்து கூப்பிடறேன். கேட்டை விட்டு அசைய மாட்டேங்கறா உங்க பொண்ணு" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அறிவு இருக்கா உனக்கு? மழை பெய்யுதுல்ல? உள்ள போய் நிக்க வேண்டியதுதானே! சின்னப் பையனை வேற இப்படி நனைய விட்டிருக்க!"

அவள் பயப்படவில்லை. குடையைப் பொடியனின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.

"உள்ள போனா வண்டி வர்றது தெரியாது, பெரியப்பா."

"தெரியலைன்னா என்ன? நான் வந்து கூப்பிட மாட்டேனா?"

"அப்பாவும் ரெண்டாவது நடைல வந்து நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னாரு. நான் துண்டு எடுத்துட்டு வந்து நின்னுட்டே இருந்தேன். நடுவுல ஒரே ஒரு தடவை தண்ணி குடிக்க உள்ள போயிட்டேன். அதுக்குள்ள வண்டி வந்துட்டுப் போயிடுச்சு."

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தச் சேற்றிலேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம். இந்தப் பிள்ளை எட்டு மாதமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. நான் தினமும் அவள் முகத்துக்கு நேரே கையைக் காட்டி அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

"இல்லம்மா. வண்டி வரவே இல்ல. அப்பா அங்கேருந்து கிளம்பவே இல்லடா கண்ணு."

"வரவே இல்லையா?"

"இல்ல. டிப்போவுலயே அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. நீ தண்ணி குடிச்சதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சத்தியமா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. "தம்பிக்கு வேற கால்சட்டை மாத்தணும்" என்று மட்டும் சொன்னாள். நான் காரை அணைத்து, கதவு நான்கையும் திறந்து போட்டு, சாவியை அவள் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

மச்சான் வீட்டுக்குப் போனதும் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டேன். "வேன் பாக்கலாம்" என்றேன். எத்தனையோ நியாயம் சேர்த்து வைத்திருந்தாள் பாவம், ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. என் முட்டியில் இருந்த சேற்றைப் பார்த்தாள்.

தம்பி மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அழுதாள், வெகு நேரம் அழுதாள். பிறகு, "எனக்கு அந்த வண்டியில ஏறுறதே கஷ்டமா இருந்துச்சு மாமா. உங்களுக்காகத்தான் ஏறிட்டிருந்தேன்" என்றாள். என்ன மனுஷன் நான்? என் துக்கத்தை ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலையை வாங்கிக்கொள்ள ஒரு நாற்றுப் பண்ணைக்கார அம்மா கடைக்கு வந்தார். செடித் தொட்டி ஏற்ற நீளமான வண்டி வேண்டுமாம். பின்கதவைத் தூக்கிப் பார்த்தார், சீட்டுத் தையலைத் தடவிப் பார்த்து, "யாரு தைச்சது? ரொம்ப சுத்தமா இருக்கே" என்றார். "நானும் என் தம்பியும்" என்றேன். பிறகு ஓட்டிப் பார்க்க ஏறினார். குட்டையான மனுஷி, கால் எட்டவில்லை. கை தானாகக் கீழே போயிற்று. கம்பியைத் தூக்கினார். டக்கென்று ஒரு சத்தம். சீட்டு சறுக்கி முன்னால் வந்து நின்றது.

என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும். அவர் பதறிவிட்டார்.

"ஐயையோ, மாத்தக் கூடாதாங்க?"

"இல்லம்மா. உங்களுக்குக் கால் எட்டணும்ல" என்றேன். கடைக்குள் போய்த் தையல் மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, என் தம்பியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். அன்று ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

புது வேனைக் காட்டிய விற்பனைக்காரப் பையன், "எட்டுப் பேர் தாராளமா உக்காரலாம் சார்" என்றான்.

"நாங்க ஏழு பேர்தான்."

"அப்ப ஒரு சீட்டு எக்ஸ்ட்ரா சார்! ஜாலி!"

அவனை நான் கடித்துக் குதறியிருப்பேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வேனில் டிரைவர் சீட்டு பட்டனில் நகரும். என் உயரத்துக்கு வைத்துக் கொடுத்தான். கால் முழுதாகப் பிரேக்கில் பதிந்தது. இடுப்பு வலிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முதல் தடவையாக ஒன்றாகக் கிளம்பினோம். எங்கே போகலாம் என்று மேனேஜரிடமே கேட்டேன். நீச்சல் குளம் என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. ஏழு பேரும் ஏறியாயிற்று. வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"பெரியப்பா, ஒரு நிமிஷம். உள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டு வரவா?"

மனைவி பையிலிருந்த பாட்டிலை எடுக்கப் போனாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"போய்க் குடிச்சுட்டு வாம்மா. நிதானமாக் குடி. நாங்க இங்கயேதான் இருப்போம்."

இறங்கி நடந்தாள். வாசற்படியில் நின்று ஒரு தடவை திரும்பி வண்டியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். சும்மா நிற்கிற வண்டிக்குக்கூட ஹாரன் அடிக்கிறவன் நான், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெரியவன் "என்னப்பா இவ்ளோ நேரம்" என்றான். திரும்பி முறைத்தேன். தம்பி மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. குழாய் மூடும் சத்தமும் கேட்டது.

வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வந்தாள். கேட்டை வெளிப்பக்கமாக நின்று சாத்தினாள். வேனில் ஏறியதும் உட்காரவில்லை. அவள் அப்பா சீட்டுகளைத் தட்டி எண்ணுவது போல, எங்கள் ஒவ்வொருவர் தோளிலும் தட்டி எண்ணிக்கொண்டே பின்னால் போனாள். தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு ஏழு என்றாள். அவள் இடத்துக்குப் பக்கத்தில் எட்டாவது சீட்டு காலியாக இருந்தது. அதன் மேல் கையை வைத்தாள், தட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

"அவ்வளவுதான். போலாம், பெரியப்பா."