இரண்டு இஞ்ச் கூடுதல்

"பின்பக்கம் திருப்பிப் பாத்தீங்களா இல்லையா?"

"முன்பக்கம் கேட்டதுக்கு எழுதினேன், அவ்வளவுதான்..."

"துணின்னா மட்டும் உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பாக்கத் தெரியுதுல்ல?"

"நீ முதல்ல அந்தச் சட்டைக்குக் காஜா எடுத்து முடி."

"காஜா எங்கயும் ஓடிப்போகாது. காலேஜ் ஆபீஸை நாலு மணிக்குச் சாத்திடுவாங்க."

தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திரை வாங்கப் போனவள். இன்று தருகிறேன் என்று அவர் சொன்ன மூன்றாவது 'இன்று' அது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், சண்டை நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பாதிக் கட்டணத்துக்குக் கல்லூரியே உதவித்தொகை தரும். மீதிப் பாதிக்கு, "அது என் பொறுப்பு, ஆறு வருஷமா சேத்துட்டு வரேன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தையும் தன் கையாலேயே எழுதினார். இவ்வளவுக்கு மேல் வருமானம் இருந்தால் உதவித்தொகை இல்லை என்று தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவர் எழுதிய தொகை அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருந்தது.

"நமக்கு அவ்வளவு வருமானம் ஏதுப்பா?" துணி வெட்டும் மேசையோரம் விண்ணப்பத்தோடு நின்ற மகள் கேட்டாள். அவள் கோபமாயிருக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா, சொல்ல முடியவில்லை.

அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை இழுத்து விட்டுக்கொண்டார். "கொஞ்சம் கூட விட்டு எழுதினேன்."

"கூட விட்டா?"

"வளர்ற பிள்ளைங்க துணியில ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விடறோம்ல, அப்படி. இன்னைக்கு இல்லாட்டியும் நாளைக்கு வரும்னு." குரலைத் தாழ்த்தினார். "உன் பேருக்குக் கீழ அவ்வளவு சின்னத் தொகையை எழுத எனக்குக் கை வரலம்மா."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கம்மா. வருமானத்துக்கு மடிப்பு விட்ட ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"என் திரையும் ரெண்டு இஞ்ச் நீளமாத்தான் வருமா?" என்றேன்.

"துவைச்சா சுருங்கிடும்மா," என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

அதற்குமேல் மகளால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே தாளை மேசையில் விரித்தாள். அடித்துவிட்டுச் சரியான தொகையை எழுதலாம். பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே காரணம் சொல்ல வேண்டும். அவர் கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. அதைப் பிடுங்கிப் பேனாவைக் கொடுத்தாள். ஒரே கோடாக அடித்தார். உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணத்துக்குத்தான் நெடுநேரம் யோசித்தார். பிறகு எழுதினார்: 'தொழில் பழக்கம்.'

"இதை ஒத்துக்குவாங்களாப்பா?"

"பொய்யா எழுதியிருக்கேன்? போ, மணி மூணாகப் போகுது."

தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். அவர் மூச்சு விட்டு, என் திரையை எடுத்து மிஷினில் வைத்தார். சக்கரம் சுற்றத் தொடங்கியது. மனைவி காஜா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், தலை நிமிரவில்லை.

"ஏங்க, அந்த மீதிப் பாதியைச் சேத்து வச்சிருக்கேன்னீங்களே... அதுல எத்தனை இஞ்ச் விட்டிருக்கீங்க?"