ஒரே கை உபயோகம்

ஞாயிற்றுக்கிழமை காலை என் ட்ராம்போனை, அந்த நீளமான பித்தளை ஊதுகுழலை, சாப்பாட்டு மேசைமேல் நீட்டிப் படுக்க வைத்து, என்ன விலை சொல்லலாம் என்று குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தோம். பார்ப்பவர்கள் அறுவை சிகிச்சை என்று நினைத்திருப்பார்கள். கல்லூரி பேண்டில் சேர்ந்தால் வருகைப்பதிவில் சலுகை உண்டு என்ற கலைத்தாகத்தால் மூன்று வருடம் முன் இதை ஒரு சீனியரிடம் எட்டாயிரத்துக்கு வாங்கினேன். மூன்று வருடத்தில் மூன்றரைச் சுரங்கள் தேறின. அந்த அரை எது என்பதில் பேண்ட் மாஸ்டருக்கும் எனக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது. இப்போது கடைசி வருடச் சுற்றுலாவுக்குப் பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டும். மறுநாள் கடைசி நாள். ஆகவே ட்ராம்போனின் நியாயமான விலை பன்னிரண்டாயிரம். பொருளாதாரம் படிக்கிறவன் வேறு எப்படிக் கணக்குப் போடுவான்?

"எட்டுக்கு வாங்கினத பன்னெண்டுக்கு விக்க இது என்ன நிலமா?" என்றார் அப்பா. அவர் டிங்கர். வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தியே எங்களையும் நிமிர்த்தியவர். எந்த உலோகத்தைப் பார்த்தாலும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"வாங்க வர்றவங்களுக்கு நாமதான்டா காசு கொடுக்கணும்," என்றாள் அம்மா. அதில் நியாயம் இருந்தது. நான் ஊத ஆரம்பித்த மூன்றாவது நொடியில் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தும். அங்கே ஒரு கணக்கு டீச்சர் இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கையைத்தான் தெரியும்.

விளம்பரத்தைத் தங்கை முந்தைய நாளே போட்டுவிட்டாள். அப்பா சரிசெய்து விற்கும் பழைய வண்டிகளுக்கு அவள்தான் விளம்பரம் எழுதுவாள். அதே வாசகத்தில் 'ஸ்கூட்டர்' என்பதை எடுத்துவிட்டு 'ட்ராம்போன்' என்று போட்டிருந்தாள். 'நல்ல கண்டிஷன். ஒரே கை உபயோகம். நேரில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.' வண்டி விற்பவர்கள் பாஷையில் ஒரே கை என்றால் ஒரே ஆள் வைத்திருந்தது என்று பொருள். சீனியரின் கையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் ஊதியதை உபயோகம் என்று சொல்ல முடியாது.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பெண் பத்து மணிக்கே வந்தார். நாற்பது வயதிருக்கும். இடது கையைக் கைப்பையின் வாருக்குள் செருகியிருந்தார்.

"வணக்கம். ட்ராம்போன் விக்கிற வீடு இதுதானே?"

அப்பா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். எங்களுக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குரல். ரயில் நிலையத்தில் 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று துளியும் வருந்தாமல் சொல்லும் அதே குரல்.

"இருபது வருஷமா நீங்க சொன்னதக் கேட்டு பெஞ்சுல காத்துக்கிட்டே இருக்கேன்மா," என்றார் அப்பா.

"நான் சொல்லத்தான் செய்வேன் அண்ணே, ஓட்டுறது வேற ஆளு," என்று சிரித்தபடி உட்கார்ந்தார். ட்ராம்போனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மேலும் கீழும் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார். "மாட்டுற ஸ்டாண்டு எங்க தம்பி?"

"என்ன ஸ்டாண்டு அக்கா?"

"ஒரே கை உபயோகம்னு போட்டிருந்தீங்களே. ஒரு கையால ஊதுற மாதிரி யாரோ மாத்தி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அந்த இடது கையைச் சரியாகப் பார்த்தேன். அது வாருக்குள் செருகப்பட்டிருந்தது. தானாகப் போய்ப் பிடித்திருக்கவில்லை. தங்கை சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் போயிருப்பேன், சமையலறை வாசலை அடைத்து அம்மா நின்றிருந்தாள்.

பள்ளியில் ட்ராம்போன் ஊதியவராம். பத்தொன்பது வயதில் விபத்து, இடது தோள் போய்க் கை அசையாமல் ஆனது. ட்ராம்போனை இடது கையால் தாங்கி, வலது கையால் ஸ்லைடை, அதாவது நகரும் குழாயை, நீட்டிக் குறுக்க வேண்டும். ஸ்லைடுக்குக் கை இருந்தது, தாங்கத்தான் இல்லை. உதட்டில் வைக்கும் கழற்று முனையான ஊதுவாயை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அறிவிப்புகளுக்கு நடுவே மைக்கை அணைத்துவிட்டு அதில் தனியாக ஊதிப் பார்ப்பாராம். "ஒரு நாள் அணைக்க மறந்துட்டேன். மூணாவது பிளாட்பாரத்துல எல்லாரும் மூட்டையத் தூக்கிட்டு எழுந்துட்டாங்க."

எல்லோரும் சிரித்தோம். அவர் ஊதுவாயைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். "சரி, நான் வரேன்," என்றார். அந்தக் குரலில் முதல்முறையாக உண்மையான வருத்தம் கேட்டது.

"உக்காருங்கம்மா," என்றார் அப்பா. "எழுதிப் போட்டாச்சுன்னா செஞ்சு கொடுக்கணும். நின்னு ஊதுவீங்களா, உக்காந்தா?"

"உக்காந்து."

அடுத்த ஒன்றரை மணி நேரம் பட்டறை. ஒரு பழைய ஸ்கூட்டரின் கண்ணாடிக் கம்பி, சைலன்சரைப் பிடிக்கும் வளையம், அடியில் வைக்கக் கனமான ஒரு சக்கரத்தட்டு. வளையத்துக்குள் டயர் டியூபை வெட்டி மெத்தை வைத்தார். வாங்க வந்த அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து உதட்டின் உயரத்தைச் சாக்பீஸால் சுவரில் குறித்தார். நடுவில் என் பக்கம் திரும்பி, "இதுல வேற என்னடா மறைச்சிருக்க?" என்றார், கம்பியை வளைத்தபடியே.

ட்ராம்போன்மேல் ஒட்டியிருந்த கல்லூரி ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் கோலிக்குண்டு அளவு பள்ளம். அதை அவர் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். பிறகு, ஸ்லைடு பாதி வழியில் லேசாகத் திக்கும், அந்தச் சுரம் வருகிற இடத்தில் நான் ஊதுவதுபோல் நடிப்பேன் என்றேன். எனக்கு முன் சீனியர் வைத்திருந்ததையும் சொன்னேன். பாவமன்னிப்பில் ஒரு சௌகரியம், ஆரம்பித்துவிட்டால் சரசரவென்று வருகிறது.

"ஸ்லைடுல நான் கை வைக்க மாட்டேன்," என்றார் அப்பா. "அது இந்தச் சுத்தியலுக்குத் தெரியாத வேலை. வாத்தியக் கடைக்காரன் ரெண்டாயிரம் கேப்பான்."

"சரி, நியாயமா ஒரு விலை சொல்லு தம்பி," என்றார் அக்கா.

மனசுக்குள் சுற்றுலாப் பேருந்து புறப்பட்டது. ஜன்னலோர இருக்கையில் நான் இல்லை. "எட்டுக்கு வாங்கினேன்க்கா. மூணு வருஷ உபயோகத்துக்கு ஒண்ணு போச்சு. ஸ்லைடுக்கு ரெண்டு. அஞ்சு கொடுங்க."

"ஸ்டாண்டுக்கு?"

"அது விளம்பரத்துலயே சேர்ந்தது," என்றார் அப்பா.

"அப்ப ஆறா வச்சுக்கோங்க."

"அஞ்சுதான்."

"அட, ஆறு வாங்கிக்கோங்கண்ணே!"

"அஞ்சுக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டேன், ஆமா!" அப்பா சண்டைக்கே நின்றார். விற்பவர் இறக்க, வாங்குபவர் ஏற்ற, என் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சந்தை எங்கள் பட்டறையில் நடந்தது. நாங்கள் சொன்ன ஐந்துதான் நின்றது. தோற்ற கோபத்தில் அக்கா சொன்னார்: "முதல்ல ஊதிப் பார்க்கிறேன். சரியில்லன்னா நாலுதான்."

ஸ்டாண்டில் ட்ராம்போனைப் பூட்டினோம். அவர் தன் ஊதுவாயைச் செருகினார். வலது கை ஸ்லைடைப் பிடித்தது; இடது கை மடியில் சும்மா இருந்தது. முதல் மூச்சில் வெறும் காற்று. இரண்டாவதில் ஒரு சத்தம், கரகரப்பாக ஆரம்பித்து, மெல்ல மெல்லத் தடித்து, ஸ்லைடு நீள நீளக் கீழே இறங்கியது. பாதி வழியில் திக்கியது. அவர் மூச்சை விடாமல் மணிக்கட்டை லேசாகத் திருகி அந்த இடத்தைக் கடந்து போனார்.

பழக்கதோஷத்தில் நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்த அந்தக் கை வெளியே வந்திருந்தது. கொக்கியைப் பிடித்தபடி, இழுக்காமல், அப்படியே நின்றுகொண்டிருந்தது.