குகைக்குள் விளக்கு எரிந்த அன்று

அந்தக் கார்ட்டூன் படம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வெள்ளத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டு, ஆற்றோடு போய்த் தேடும் ஒரு குட்டி நீர்நாயின் கதை. சின்ன வயதில் தியேட்டரில் அதைப் பார்த்துத் தேம்பியவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு வருகிறார்கள். பூங்காவில் புதிது புதிதாக எத்தனையோ ராட்டினங்கள் வந்துவிட்டன. ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, வானத்தில் தூக்கி எறிந்து பிடிப்பது என்று என்னென்னவோ. ஆனாலும் வரிசை நீளமாக நிற்பது நீர்நாய்க் குகைக்குத்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. படகில் உட்கார்ந்தால் அது இருட்டுக்குள் மெல்ல மிதந்து போகும். இரண்டு பக்கமும் பொம்மைகள் தலையாட்டும். பாட்டு ஓடும். நடுவில் ஓர் ஏற்றம். பக்கத்துப் பள்ளத்தில் ஓடும் சங்கிலி படகை மேலே இழுத்து, மறுபுறம் சரேலென்று வழுக்கிவிடும். கடைசி அறையில் தாய் நீர்நாய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கும். அங்கே பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் இன்னொரு தடவை போகலாம் என்று அடம்பிடிப்பார்கள்.

அந்தத் தாய் நீர்நாயின் ரோமத்தைத் தைத்து வைத்தவள் பூங்காவின் தையல்காரி. எல்லோருக்கும் அவள் தையலக்கா. கேண்டீனுக்குப் பின்னால் அவள் அறை. அலமாரி முழுக்கத் தலையில்லாத கரடிகளும் முயல்களும் மடங்கிக் கிடக்கும். குகைக்குள் எப்போதும் ஈரம். பசை விட்டுப்போய் பொம்மைகளின் ரோமத் துணி உரிந்து தொங்கும். பூங்கா திறக்கும் முன்னால் அவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே போய் ஒட்டுப்போட வேண்டும். அப்படிப் போன காலத்தில் அவளுக்கு டார்ச் பிடிக்க வந்தவன்தான் ஸ்பானர். மெக்கானிக். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். டார்ச் வெளிச்சத்தை ரோமத்தில் பிடிக்காமல் அவள் முகத்தில் பிடித்து அடிக்கடி திட்டு வாங்கினான். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம், "எனக்குப் பொண்ணு பாத்துக் கொடுத்ததே அந்தத் தாய் நீர்நாய்தான்" என்று சொல்லிச் சிரித்தான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஏற்றத்தில் சங்கிலி சிக்கிக்கொண்டது. ஸ்பானர் கீழே இறங்கினான். வாசலில் அதற்குள் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. அவன் சங்கிலிக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும்போதே குகை ஓட ஆரம்பித்தது. விளக்கு அணைந்து பாட்டு தொடங்கியது. வெற்றுப் படகு ஒன்று ஏற்றத்தின் மேல் ஏறி, பாதியில் நின்று திணறியது. அப்புறம்தான் ஆட்கள் ஓடினார்கள்.

தையல்காரி அப்போது தன் அறையில் ஒரு முயலின் காதைத் தைத்துக்கொண்டிருந்தாள். கேண்டீன்காரர் வந்து கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் எழுந்துவிட்டாள். ஊசி முயலின் காதிலேயே குத்தியபடி நின்றது.

குகையை மூடினார்கள். காரியமெல்லாம் முடிந்து, அவனுடைய துணிமணிகளை வாங்கிப்போக அவள் பூங்காவுக்கு வந்த அன்று, குகை வாசலில் மலை மாதிரிப் பூ குவிந்து கிடந்தது. மெழுகுவர்த்திகள் உருகி ஓடியிருந்தன. இத்தனை பேருக்கு அவரைத் தெரியுமா என்று நினைத்தாள். குனிந்து ஒரு பூங்கொத்தைக் கையில் எடுத்தாள். அதில் குழந்தைக் கையெழுத்தில் ஓர் அட்டை. "குட்டி நீர்நாயே, சீக்கிரம் திரும்பி வா." அடுத்ததை எடுத்தாள். "என் சின்ன வயசை என்னிடமிருந்து பறிக்காதீர்கள்." அதற்கடுத்ததில் நீர்நாயின் படம்.

பூங்கொத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அவளைத் தன் அறையில் உட்காரவைத்துப் பேசினார்.

"என்னம்மா செய்யறது? உள்ள ஆள் இறங்கினா கண்ட்ரோல் ரூம்ல சிவப்பு போர்டு மாட்டணும். அது விதி. இவரு மாட்டாம இறங்கிட்டாரு. அவசரம். விசாரணையிலயும் அதத்தான் சொல்லியிருக்காங்க."

"அவரு கடைக்குப் போனாக்கூட அடுப்ப அணைச்சியான்னு மூணு தடவ கேப்பாரு சார்."

"புரியுதும்மா. எங்களுக்கும் மனசு கேக்கல. ஆனா அந்தக் குகைய அவரு உயிரா நேசிச்சாரு. அது திரும்ப ஓடுறதுதான் அவரு ஆத்மாவுக்கு நிம்மதி."

அவள் துணிமணிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

குகை திறந்த அன்று வரிசை பார்க்கிங் வரை போனது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நீர்நாய்க் காது வைத்த தொப்பி போட்டுக்கொண்டு குதித்தார்கள். தையல்காரி வேலைக்குத் திரும்பியிருந்தாள். வீட்டில் இருந்தால் நாலு சுவரும் நெருக்கிக்கொண்டு வந்தன. வேறு எங்கே போவது? ஆனால் குகைக்குள் மட்டும் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பொம்மைகளைக் கழற்றி அவள் அறைக்கே கொண்டுவந்தார்கள்.

அவளுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. அப்பா வைத்த செல்லப் பெயர் வாலு. அவன் போனபிறகு வாலுத்தனமெல்லாம் அடங்கி, சொன்னதைச் செய்யும் பிள்ளையாக மாறியிருந்தது. அதுவே தாய்க்குப் பெரிய பயமாக இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது வாலு எதையோ முணுமுணுத்தாள். படத்தின் பாட்டு. அந்தப் பாட்டு எந்தக் குழந்தைக்குத் தெரியாது? ஆனால் முடிவில் ஒரு விசில் அடித்தாள். தாயின் கை சீப்போடு நின்றுவிட்டது.

"இந்த விசில் படத்துல கிடையாதே. குகைக்குள்ள மட்டும்தானே வரும். நீ எங்க கேட்ட?"

வாலு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"எங்கடி கேட்ட?"

"எதிர்வீட்டு அத்தை கூட்டிட்டுப் போனாங்க. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

கை தன்னால் எழுந்து கன்னத்தில் இறங்கியது. பாதி பின்னிய சடை அவிழ்ந்தது. பிள்ளை அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னது:

"அப்பா எந்த இடத்துலன்னு பாக்கத்தான்மா போனேன். ஒரே இருட்டு. எங்கன்னே தெரியல. அத்தைக்கும் தெரியல. அப்புறம் ஒரு தவளை பொம்மை தொப்புன்னு தண்ணில விழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன்."

கொஞ்சம் நிறுத்தி, "சிரிச்சிருக்கக் கூடாதுல்ல?" என்று கேட்டது.

தாய் தரையில் அப்படியே உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். அன்று பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை.

மறுநாள் அவள் கண்ட்ரோல் ரூமுக்குப் போனாள். குகைப் படகுகளை ஓட்டுபவன் சோடாபுட்டி. கனத்த கண்ணாடிக்காக வந்த பெயர். ஸ்பானரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அன்றைக்கப்புறம் அவள் வரும் வழியில் வராமல் சுற்றிக்கொண்டு போகிறவன். அவளைக் கதவில் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

"போர்டு மாட்டிட்டுத்தான்க்கா இறங்கினான்" என்றான், அவள் ஒன்றும் கேட்காமலே. "என் கண்ணு முன்னாடிதான் மாட்டினான். மேனேஜர் வாக்கிடாக்கில கத்துறாரு, கூட்டம் நிக்குது, அவன் ஏறி வந்திருப்பான், போர்ட எடுத்துட்டு ஓட்டுன்னு. எடுத்தேன். இந்தக் கையாலதான் எடுத்தேன். விசாரணையில போர்டே இல்லன்னு சொல்லச் சொன்னாரு."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ என் மூஞ்சியப் பாக்காமப் போறதே சொல்லுச்சு." அவள் கதவைச் சாத்தினாள். "இப்ப அதுக்கு வரல. என் பொண்ணுக்கு அந்த இடத்தப் பாக்கணுமாம். நாங்க ரெண்டு பேரும் படகுல வருவோம். ஏத்தத்துக்கு வந்ததும் நிறுத்து. விளக்கப் போடு."

"வேலை நேரத்துலயாக்கா? காலையில, யாரும் இல்லாதப்ப கூட்டிட்டு வாங்களேன்."

"அவ ஜனங்களோட சேர்ந்து சிரிச்சிட்டா. ஜனங்களோட சேர்ந்தே பாக்கட்டும்."

சோடாபுட்டி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். பிறகு தலையசைத்தான்.

அந்த வாரக் கடைசியில் தாயும் மகளும் வரிசையில் நின்று படகில் ஏறினார்கள். இத்தனை வருடத்தில் தையல்காரி குகையை வேலை விளக்கில்தான் பார்த்திருக்கிறாள். தண்ணீர் தொட்டி, தகரச் சுவர், கம்பியில் மாட்டிய பொம்மைகள். படகில் உட்கார்ந்து இருட்டுக்குள் போவது இதுதான் முதல் தடவை. பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. காற்றில் மழை மணம். தன் கையால் தைத்த நீர்நாய்கள் கரையில் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தன. ஒரு தையல்கூடக் கண்ணில் படவில்லை. குட்டி நீர்நாய் தலையைத் திருப்பிப் பார்த்தபோது, அது தன்னையே பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. ஜனங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது அந்த நொடியில் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் பட்டது. தவளை விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வாலு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

படகு ஏற்றத்தில் பாதி ஏறி, நின்றது. பாட்டு அறுந்தது. பளீரென்று விளக்குகள் எரிந்தன.

கறுப்புச் சாயம் உரிந்த தகரம். ஒயர்கள். சுவரோரம் யாரோ மறந்துபோன வாளி. கரையில் ஒரு நீர்நாய் கையைப் பாதி தூக்கியபடி விறைத்து நின்றது. பின்னால் வந்த படகில் ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழ, அதன் அப்பா எரிச்சலோடு, "என்னங்க இது, பிள்ளைங்க ஆசையா வந்தா இப்படியா பண்றது?" என்று கத்தினார்.

தாய் கீழே காட்டினாள். படகின் பக்கவாட்டில், எண்ணெய்க் கறையோடு சங்கிலி ஓடும் குறுகலான பள்ளம். ஓர் ஆள் குனிந்தால் இடம் சரியாக இருக்கும்.

"இங்கதான்."

வாலு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ சின்ன இடமா?"

"ஆமா."

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "வலிச்சிருக்கும். கொஞ்ச நேரம்."

"கத்தினாரா?"

"கத்தியிருப்பாரு. பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல."

குகைக்குள் அவள் குரல் எதிரொலித்தது. பின்படகில் பேச்சு அடங்கிவிட்டது. ஒருத்தி தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். எரிந்து விழுந்த மனிதர் எழுந்திருப்பவர்போல அசைந்து, பிறகு அப்படியே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

வாலு கையை நீட்டிச் சங்கிலியைத் தொட்டாள். விரலில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியது. அதைக் கவுனில் துடைக்காமல் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. சங்கிலி கடகடத்தது. படகு உச்சிக்குப் போய் மறுபுறம் பாய்ந்தபோது எல்லோரும் அலறினார்கள். வாலுவும் அலறினாள். மற்றவர்கள் நிறுத்திய பின்னும் அவள் நிறுத்தவில்லை. கடைசி அறையில் தாய் நீர்நாய் கைகளை விரித்துக்கொண்டு நின்றது. விசில் வந்தது. தையல்காரிக்குக் கண் நிறைந்து வழிந்தது. அது புருஷனுக்காக வந்த அழுகையா, அந்தப் பொம்மைக்காக வந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

காரணமில்லாமல் படகை நிறுத்தியதற்காகச் சோடாபுட்டியை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக விசாரணை அதிகாரியிடம் போய் நடந்தது அத்தனையும் சொன்னான். மறுபடி விசாரித்தார்கள். தவறு செத்தவன்மேல் இல்லை என்று தீர்ப்பானது. ஏற்றத்துக்குக் கம்பிக் கதவு போட்டார்கள். சோடாபுட்டிமேல் வழக்குப் போட்டார்கள். மேனேஜரை அதே கம்பெனியின் வேறொரு பூங்காவுக்கு மாற்றினார்கள். அது இதைவிடப் பெரிய பூங்கா என்று கேண்டீன்காரர் சொன்னார்.

தையல்காரி அதையும் விழுங்கிக்கொண்டாள். வேலையில்தான் இருந்தாள். ஆனால் அந்த இளைஞன் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. குகையின் வரிசை குறையும் என்று பூங்காவில் பயந்தார்கள். இரண்டு மடங்காயிற்று. ஒரு நாள் முயல் உடையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையோரமாக நடந்துபோனவளை, நீர்நாய்த் தொப்பி போட்ட ஒரு பெண் நிறுத்தினாள். பக்கத்தில் அவள் புருஷன், நடுவில் குழந்தை. சிரித்த முகம்.

"அக்கா, நீங்க இங்க வேலை பாக்கறீங்களா? அந்த ஆள் செத்த இடம் எந்தப் பக்கம் வரும்? இடது பக்கமா, வலது பக்கமா? எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்?"

"இடது பக்கம்" என்றாள் தையல்காரி.

அறைக்குப் போய் முயல் உடையை அலமாரியில் மடித்து வைத்தாள். கத்தரிக்கோல் அவளுடையது, அதை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதற்கப்புறம் அங்கே போகவில்லை.

இப்போது திரைச்சீலைக் கடையில் வேலை. நாள் முழுக்க நேர்த்தையல். ஒரு மழை நாளில் வேலை முடிந்து திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. வாலு எதிர்வீட்டில் இருந்தாள். ஜன்னல் வழியே டிவி தெரிந்தது. அந்தப் படம்தான். அத்தையின் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வாலு. திரையில் வெள்ளம் வந்துகொண்டிருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தாள் தாய். அதற்குள் பிள்ளை எதற்கோ வாய்விட்டுச் சிரித்தது.

அவள் கூப்பிடவில்லை. படம் முடியட்டும் என்று குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.