சாயர்புரத்துக்கு நான்கு வேன்கள்

அக்கா பகவதியின் கல்யாணம் திருச்செந்தூரில். சொந்தக்காரர்களை வேனில் அழைத்துவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகிறவன் நான். ஆட்களை ஊர்வாரியாகப் பிரிக்க நோட்டோடு உட்கார்ந்த அப்பாவைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

"ஒரே வரிப்பா. ஊர் பேரைக் குடுத்தா அதுவே குரூப் குரூப்பா பிரிச்சிரும்."

"செய்யி," என்றார் அப்பா.

வாட்ஸப்பில் படிவம் அனுப்பினேன். பெயரையும் ஊரையும் அவரவரே ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினார்கள். எண்பத்தாறு பேரையும் என் நிரல் நொடியில் பிரித்தது. குழுவுக்கு ஒரு வேன் என்று வேன்காரர் செல்வதுரை அண்ணாச்சிக்குப் பட்டியலை அனுப்பினேன். அனுப்பும் முன் படித்துப் பார்ப்பது நிரல் தெரியாதவர்கள் வேலை என்பது அப்போது என் கொள்கை.

முகூர்த்தத்தன்று காலை அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, சாயர்புரத்துல நம்ம வேன் நாலு நிக்கு. ஆளு பதிமூணுதாம்."

அப்போதுதான் பட்டியலைத் திறந்தேன். சிலர் ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தார்கள், சித்தப்பா சின்ன எழுத்தில். ஒருவர் ஓர் எழுத்தையே மாற்றியிருந்தார். பேச்சிச்செல்வி அத்தை கடைசியில் ஓர் இடைவெளி விட்டிருந்தாள். கணினிக்கு அவை நான்கு ஊர்கள்.

"எல்லாரையும் ஒரே வேன்ல ஏத்துங்க அண்ணாச்சி."

"ஒங்க அத்தை எறங்க மாட்டேங்காவ. அந்த வேன் லிஸ்ட்ல அவுக பேரு மட்டுந்தான் இருக்காம்."

அத்தை தனி வேனில் வந்து இறங்கினாள். மற்ற பன்னிரண்டு பேர் பின்னாலேயே ஒரே வேனில் நெருக்கியடித்து வந்தார்கள்.

"அவளுக்குத் தனி வேன், நாங்க என்ன மூட்டையாலே?" என்று சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். அத்தையோ மாப்பிள்ளை வீட்டாரிடம், "எம் மருமவன் எனக்குன்னு அனுப்புனாம்லா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பயணத்திலாவது மானத்தைக் காப்பாற்ற, மண்டபத்து அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். இடைவெளிகளை நீக்கி, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். நான்காவது முறை ஓட்டியபோது வாசலில் அத்தையின் குரல் கேட்டது.

"ஏளா, சாயர்புரத்து ஆளுவ எல்லாம் இங்கன வாங்க! ஏரல்காரங்க அங்கன போங்க!"

நான் வெளியே வருவதற்குள் வேன்கள் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தன. மாலையும் கழுத்துமாகக் கையசைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் திரையை நீட்டினேன்.

"பாரு, சாயர்புரம் பதிமூணு. சரியா வந்திருச்சு."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல போய்ச் சாப்பிடுலே. கடைசிப் பந்தி முடியப்போவுது."

போனேன். பாயசம் தீர்ந்திருந்தது.