வெல்டா அக்கா வகுப்புக்கு வராத வாரம்

என் வாய்க்கு ஒரு கெட்ட பழக்கம். மூளை இன்னும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போதே அது வாசலைத் தாண்டிப் போய்விடும். ஐம்பத்தைந்து வருடத்தில் இதனால் பட்டது நிறைய. ஆனால் அந்த மார்ச் மாதம் பட்டதைப் போல வேறெதுவும் என்னை ஆறு நாள் சரியாகச் சாப்பிடவிடாமல் செய்ததில்லை. என் உடம்பைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

நான் செரோக்கி வாத்தியார், எங்கள் பழங்குடியின் மொழி அது. அதற்கு முன் இருபத்தாறு வருடம் கோழி லாரி ஓட்டினேன். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோழிகள் கேள்வி கேட்காது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து வீட்டில் இந்த மொழிதான் பேசினோம் என்ற ஒரே தகுதியை வைத்து, சர்ச் சாப்பாட்டுக் கூடத்தில் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பாடம் எடுக்கச் சொன்னார்கள். மாணவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி வெல்டா அக்கா. வயது அறுபத்து மூன்று. ஸ்டில்வெல் ஊரில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே கடைசி இருக்கைக்காரனை அடக்கிப் பழகியவள்.

முதல் வாரமே ஒரு வினைச்சொல்லைக் காட்டி, இதன் முன்னால் 'வி' என்று ஒன்று நிற்கிறதே, அது என்ன செய்கிறது என்று கேட்டாள். அது அங்கேதான் நிற்கும் என்றேன். ஏன் என்றாள். எங்கள் அம்மா அப்படித்தான் சொல்வாள் என்றேன். அக்கா கண்ணாடிப் பார்வை பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் பழைய பேருந்துத் தடத் தாள்களின் பின்பக்கத்தில் பெரிய படம் ஒன்று வரைந்துகொண்டு வந்து, எனக்கு என் மொழியைச் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் வினைச்சொல்லின் தலைமாட்டில் ஒரு வரிசை நிற்கிறதாம். சர்ச் விருந்து வரிசை மாதிரி, யார் முன்னால் யார் பின்னால் என்பது யாரும் எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரிந்தது. 'இல்லை' என்பதற்கான ஒட்டு முன்னால் நிற்கும். 'இங்கிருந்து அப்பால்' என்பதற்கு 'வி'. பல பொருள்கள் என்றால் அதற்கொன்று. 'அங்கிருந்து இந்தப் பக்கம்' என்பதற்கு வேறொன்று. 'மறுபடியும்' என்பது இன்னும் பின்னால். இத்தனை பேரும் நின்ற பிறகு, செய்வது யார் என்று சொல்லும் ஒட்டு. அதற்கப்புறம்தான் வினையே வாய் திறக்கும். யாரும் இடையில் புகமுடியாது. இத்தனை பேரைத் தலையில் சுமந்துகொண்டு ஐம்பத்தைந்து வருடம் பேசியிருக்கிறேன், ஒருவரோடும் அறிமுகம் இல்லை.

எல்லோரையும் தடுமாற வைத்தது அந்தக் கடைசி ஒட்டுதான். ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களுக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்பதே புதிது. 'இதி' என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரையும் சேர்த்து நாம் எல்லோரும். 'ஓஜி' என்று ஆரம்பித்தால் நாங்கள் மட்டும், நீங்கள் வெளியே. இங்கே அந்த ஒட்டு இல்லாமல் ஒரு வினையும் கிடையாது. வாயைத் திறந்தாலே யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லியாக வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை கூடத்தைப் பூட்டும்போது அக்கா ஒன்று சொன்னாள். ஏழு வயதில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் செரோக்கியில் என்னவோ சொல்லியிருக்கிறாள். தப்பாக வந்துவிட்டது. அண்ணன் முறைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்று மூடிய வாய்தான். அம்மா சாகிற வரைக்கும் செரோக்கியில் கேட்பாள், இவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஐம்பத்தாறு வருடம். "இப்பதான் மறுபடி தொறக்கறேன்"னாள், சாவியை என் கையில் கொடுத்துக்கொண்டே.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, காட்டு வெங்காய விருந்து. ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பன்றி வறுவல், பீன்ஸ், எண்ணெய் ரொட்டி, முட்டையோடு வதக்கிய வெங்காயம். பெரியவர்கள் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்திருக்க, சாப்பாட்டுக்கு அழைக்கும் வேலையை வெல்டா அக்காவிடம் கொடுத்திருந்தேன். நானே கொடுத்தது. அக்கா நீலச் சட்டையில், கையில் கரண்டியோடு எழுந்து நின்று, நீளமான அந்த வினையைத் தெளிவாக, உரக்கச் சொன்னாள். முன்னால் 'ஓஜி' வைத்து.

நாங்கள் சாப்பிடப்போகிறோம். நீங்கள் இல்லை.

அந்த நொடியில் ஒரு நல்ல வாத்தியார் என்ன செய்திருப்பான்? நான் சிரித்தேன். முதலில் சிரித்தது நான், அதிகம் சிரித்ததும் நான். அது போதாதென்று செரோக்கியில், "அப்ப நாங்க வீட்டுக்குப் போயி பால்ல கார்ன்ஃபிளேக்ஸ் போட்டுச் சாப்பிட்டுக்கறோம்" என்றேன். கூடமே அதிர்ந்தது. கடைசி வரிசை ரூஃபஸ், சர்ச்சில் வருடத்துக்கு மூன்று வார்த்தை பேசுகிற ஆள், மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

அக்கா கரண்டியை வைத்தாள். உட்கார்ந்தாள். நான் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்து பார்த்தபோது நாற்காலி காலி.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. ஐந்து பேருக்குப் பாடம் எடுத்தேன், கண்ணெல்லாம் கதவில். வியாழக்கிழமையும் வரவில்லை. அவள் வரைந்த படம் மட்டும் சுவரில் இருந்தது. ஐம்பத்தாறு வருடம் மூடியிருந்த வாயைத் திறந்துவிட்ட வாத்தியாரே அதன்மேல் கதவைச் சாத்தினால், இந்தத் தடவை அது திறக்குமா? அவளுக்கு இன்னொரு ஐம்பத்தாறு வருடம் கையில் இல்லை.

எங்கள் ஆட்கள் பரிகாசம் பண்ணினால் பிரியம் என்று அர்த்தம். பிடிக்காதவனை யாரும் கிண்டல் செய்யமாட்டார்கள். மரியாதையாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இதை வாங்கிக்கொள்ளவும் சிறு வயதிலிருந்தே பழக வேண்டும். ஏழு வயதில் விலகிப் போனவளுக்கு அது எப்படித் தெரியும்? இதையெல்லாம் மனைவி நாடீனிடம் விளக்கினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, இவ்வளவு தெரிந்தவன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். போய் மன்னிப்பு கேட்கிறேன் என்றேன்.

"அதைச் செய்யாத"ன்னாள் நாடீன். "வாய்விட்டுக் கேட்டா அவ பதில் சொல்லியாகணும். பாவம், அதையும் அவ தலையில ஏத்துவியா? கையில ஏதாச்சும் எடுத்துக்கோ. போயி உக்காரு. வாயை மூடிக்கோ. கடைசிதான் உனக்கு வராது."

வெள்ளிக்கிழமை முழுக்க ஓடைக்கரையில் முட்டிபோட்டுக் காட்டு வெங்காயம் பிடுங்கினேன். அதைப் பிடுங்குவது வேலையே இல்லை. நூல் நூலாக மண் போக்கிச் சுத்தம் செய்வதுதான் வேலை. மன்னிப்பின் எடை அதில்தான் இருக்கிறது. ஒரு பெரிய பை நிறைந்தது. முதுகு நிமிரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அக்கா வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை. எங்கள் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்க விருப்பமிருந்தால் வெளியே வருவார்கள். இல்லையென்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் சங்கடம் இல்லை. நல்ல வழக்கம்தான், வண்டிக்குள் இருப்பவன் நீங்களாக இல்லாதவரை. அவள் வண்டி வீட்டோரம் நின்றது. ஜன்னல் திரை ஒருமுறை அசைந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். நாய் வந்து என் டயரில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போனது.

இருபத்தைந்தாவது நிமிடம் அக்கா வந்தாள். என் பிக்கப் வண்டியின் பின் பலகையை இறக்கி இருவரும் உட்கார்ந்தோம். மழை வராததைப் பற்றிப் பேசினோம். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் செரோக்கியில், முட்டிவலி எப்படி இருக்கிறது என்றேன். பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறாய் என்றேன், அதற்கும் ஆங்கிலம். சாத்தியாகிவிட்டது, நான்தான் சாத்தினேன் என்று நினைத்துக்கொண்டேன். பையை நீட்டினேன்.

அவள் ஒரு பிடி எடுத்தாள். ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். ஒன்றைத் தூக்கி எறிந்தாள். இன்னொன்றை எறிந்தாள். மூன்றாவது, நான்காவது. பார்வைக்கு வெங்காயம் மாதிரியே இருந்து, வாசனை மட்டும் இல்லாமல், வயிற்றைப் புரட்டிப் போடுகிற செடி ஒன்று எங்கள் ஓடைக்கரையில் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். மன்னிப்பு கேட்க வந்தவன் அக்காவுக்கு விஷம் கொண்டுவந்திருக்கிறேன். அவள் மோந்து மோந்து எறிந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ரூஃபஸின் வண்டி உள்ளே நுழைந்தது. இவர் வண்டியில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. நிறுத்தியதும் இறங்கி நேரே வந்தார். அடிக்கடி வருகிறவர்கள்தான் அப்படி வருவார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த செடிகளைப் பார்த்தார், செரோக்கியில் அக்காவிடம், இவன் எதற்கு வந்தான் என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். செரோக்கியில்.

நிறுத்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தான் கரண்டியோடு எழுந்து நின்றது, அறுபது பேரிடம் சாப்பிடாதீர்கள் என்று சொன்னது, வாத்தியார் சிரித்தது. அப்புறம் அந்த வாத்தியார் எல்லோருக்கும் முன்னால் வரிசைக்கு ஓடியது, சிரித்த வேகத்தில் ஒரு தட்டு பீன்ஸை மடியில் கொட்டிக்கொண்டது, ஈரக் கால்சட்டையோடு சுவர் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வெளியேறியது. இந்தப் பகுதியை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். அவள் விடவில்லை.

தப்பு இல்லாமலா? ஏராளம். வருவதையும் போவதையும் மாற்றி வைத்தாள். பீன்ஸ் என் மடியில் விழுவதற்குப் பதில் என் மடியிலிருந்து புறப்பட்டுத் தூரதேசம் போனது. ரூஃபஸ் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதைக்கும் சிரித்தார், தப்புக்கும் சிரித்தார். அது அவளுக்கும் தெரிந்தது. ஒரு இடத்தில் நின்று, அது 'வி' இல்லையோ என்று தலையைச் சாய்த்தாள். ரூஃபஸ் கையாலேயே இந்தப் பக்கம் என்று காட்டினார். திருத்திக்கொண்டு மேலே போனாள். கண்ணில் தண்ணீர் வர நானும் சிரித்தேன். எல்லாம் சிரிப்புத் தண்ணீர் என்று சொல்லமாட்டேன்.

"வகுப்புக்கு ஏன்க்கா வரல?" என்று கேட்டேன். நாடீன் சொன்ன மூன்றாவது நிபந்தனை அங்கே உடைந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அழுதேன்"னாள், மறைக்காமல். "இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு இருந்தேன். திங்கட்கிழமை காலையில இவரு வந்து நிக்கறாரு. இருபது வருஷத்துல இவ்வளவு சிரிச்சதில்லயாம். வீட்டுக்கு வந்து எம் பொண்டாட்டிகிட்டயும் அதைச் சொல்லுன்னாரு. அவங்க வீட்டுலதான் செவ்வாயும் வியாழனும். சாப்பாடும் போடறாங்க. உன் வகுப்புல காப்பி மட்டுந்தான்."

"அப்ப இவ்வளவு நேரம் என்கிட்ட ஏன் ஆங்கிலத்துலயே பேசின?"

"கொஞ்சம் வேகட்டும்னுதான்."

ரூஃபஸ், நன்றாக வெந்திருக்கிறது என்றார். அந்த வருடத்துக்கான அவருடைய மூன்று வார்த்தைகளும் அன்றோடு செலவாகிவிட்டன என்று நினைத்தேன். இல்லை. அடுத்த வாரம் தானும் வகுப்புக்கு வருவதாகச் சொன்னார். நான் என்னதான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். அக்கா, நானும் வருகிறேன், படத்தை விளக்க ஆள் இல்லாமல் இவன் திண்டாடுவான் என்றாள். இதை அவள் செரோக்கியில் சொன்னாள். என் வாழ்நாளில் கேட்டதிலேயே இனிமையான வசவு.

மிஞ்சிய நல்ல வெங்காயத்தை முட்டை உடைத்து வதக்கினாள். ஆறு நாள் பாக்கி. மூன்று தட்டு சாப்பிட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் ரூஃபஸ் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் தள்ளினார்.

திரும்பும் வழியில், ஓடை சாலையைக் கடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நாடீன் ஏன் இவ்வளவு நேரம் என்றாள். ஓடையில் தண்ணீர் நிறையப் போனது, வடிகிற வரை நின்றேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வெளியே காய்ந்து கிடந்த புல்லைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டிவிட்டு எனக்கொரு காப்பி ஊற்றினாள்.