இரண்டாயிரம் வருஷத்துத் திருகாணி

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் குப்பை கொட்ட முடியாது. "காலை அகட்டு, இறுக்காத, மூச்ச விடு, புள்ள பெத்தவதான நீ" என்று இலஞ்சிப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேரை அதட்டியிருப்பேன். அப்படிப்பட்ட வாயையே ஒரு போட்டோ அடைத்துவிட்டது.

அனுப்பியது என் மகள் அபி. மதுரையில் நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். வாட்ஸ்அப்பில் இரண்டு படம், கீழே ஒரு கேள்வி: "அம்மா, இதுல எது பழசு?" இரண்டுமே கர்ப்பப்பை வாயைப் பார்க்க நாங்கள் வைக்கும் ஸ்பெகுலம். மூடினபடி உள்ளே வைத்து, திருகாணியைத் திருகினால் அலகு விரியும். ஒன்று பளபளவென்று இருந்தது, இன்னொன்று பச்சை பூத்துக் கிடந்தது. "ரெண்டும் ஆஸ்பத்திரிச் சாமான்தான? ஒண்ண ஒழுங்கா கழுவாம போட்டிருக்காளுவ. எவ அவ?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

உடனே கூப்பிட்டாள். "எம்மா, அந்தப் பச்சை ரோமாபுரிக்காரங்க செஞ்சதும்மா. வெண்கலம். எரிமலைச் சாம்பல்ல மூடிப்போன ஊர்ல தோண்டி எடுத்தது. ரெண்டாயிரம் வருசம் ஆவுது."

"ஏட்டி, வெளையாடாத."

"சத்தியமாம்மா."

ஆத்தாடி! எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதே அலகு, அதே திருகாணி. அலகு மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு என்று அவளை நச்சரித்தேன். இடுக்கி, கொக்கி, கத்திப் பிடி, எலும்பு அறுக்கும் ரம்பம் என்று வரிசையாக வந்தது. எங்கள் துணை சுகாதார நிலையத்து டிரேயைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று நாள் இதே பைத்தியமாக அலைந்தேன். வீட்டுக்காரர்கூட, "சோறு பொங்குதியா, இல்ல ரோமாபுரிக்கே போயிருதியா?" என்று கேட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரின் அக்கா ஆவுடைத்தாய், நான் மைனி என்று கூப்பிடுகிறவள், குற்றாலத்தில் பழைய அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருக்கிறாள். மைனிக்குத் தீட்டு நின்று நாலு வருஷம் ஆயிற்று. சித்திரையிலிருந்து மறுபடியும் ரத்தம் படுகிறதாம். "திரும்பவும் சமஞ்சிட்டேன் போலட்டி" என்று என்னிடம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் பார்த்தே ஆகவேண்டும், புற்றாகக்கூட இருக்கலாம். டாக்டரிடம் வா என்றால், "சீசன் முடியட்டும்" என்பாள். சீசன் ஒரு சாக்கு. ரெண்டாவது பிரசவத்துக்கு முன்னால் எவளோ ஒரு நர்ஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கருவியை வைத்துத் திருகியிருக்கிறாள். கத்தியதற்குத் தொடையில் ஒரு அடியும் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து மைனி ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை.

எங்கள் நிலையத்தில் பெண்களுக்கான கர்ப்பப்பைப் பரிசோதனை கேம்ப் நடந்த அன்று, தூறலோடு தூறலாக மைனியை ஆட்டோ வைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளறையில் நானும் என்கூட வேலை பார்க்கிற முத்துசெல்வியும்தான். மைனி டிரேயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தைரியம் சொல்லுகிறேன் பேர்வழி என்று நான் போனை நீட்டினேன்.

"பாருங்க மைனி, ரெண்டாயிரம் வருசமா இதேதான். பயப்படுததுக்கு என்ன இருக்கு?"

மைனி போனை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "ரெண்டாயிரம் வருசமாவா?"

"ஆமா."

"போன்ல வருசத்துக்கு ஒரு மாடல் வருது. இதுல வலிக்காம இருக்கதுக்கு ஒருத்தனுக்கும் ஒண்ணும் தோணலியாட்டி?"

எனக்குச் சுரீரென்றது. மூன்று நாளாக அதைப் பார்த்துப் பார்த்து அதிசயப்பட்டவளுக்கு அந்தக் கேள்வி வரவே இல்லையே! அடுத்ததையும் கேட்டாள்: "நீ எத்தன தடவ இதுக்குப் படுத்திருக்க?"

ஒரு தடவைகூட இல்லை. அபி ஆபரேஷன் பண்ணிப் பிறந்தவள். முப்பது வயது தாண்டினவர்களெல்லாம் இந்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று தெருத் தெருவாகக் கூப்பிடுகிற எனக்கு நாற்பத்தாறு வயது. முத்துசெல்வி சுவரைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தா பாருங்க, நான் படுக்கேன். அடுத்து நீங்க படுக்கணும், ஆமா."

"மொதல்ல நீ படு, பெறவு பாப்போம்."

ஏறிப் படுத்தேன். முத்துசெல்வி வைத்தாள். யம்மா! என்ன குளிர்ச்சி! சாரல் காலத்தில் அந்த இரும்பு அப்படியா இருக்கும்? அலமாரியில் பிளாஸ்க் நிறைய வெந்நீர் இருந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றி முக்கி எடுத்திருக்கலாம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்திக்காவது அப்படிச் செய்தேனா? திருகாணி திருகத் திருக உயிர் போய் வந்தது. "லூஸா விடுங்கக்கா" என்றாள். அவளை ஒரு அறை விட்டால் என்ன என்று வந்தது. அதையேதானே நானும் அத்தனை பேருக்கும் சொன்னேன், சே, என்ன பொம்பளை நான்.

பஞ்சில் வினிகர் மாதிரி இருக்கிற ஆசிட்டைத் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவினாள். ஒரு நிமிஷம் பொறுத்து நிறம் பார்க்கவேண்டும். ஒரு நிமிஷம் ஆனது. "முடிஞ்சுது, எறங்குங்க" என்று அவள் சொல்லவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்தாள். குனிந்து பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா..."

"வெள்ளையா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

வெள்ளை தெரிந்தால் புற்று என்று அர்த்தமில்லை, சந்தேகம்தான், தென்காசி பெரியாஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எத்தனையோ பேருக்கு இதை மடமடவென்று ஒப்பித்திருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள அதில் ஒரு வார்த்தை நாக்கில் வரவில்லை. எனக்கு ஒரு வலியும் இல்லை, ஒரு சொட்டுப் பட்டதில்லை.  அபிக்கு இன்னும் மூன்று வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறதே என்று நினைத்ததும் அழுகை வெடித்துவிட்டது.

"என்ன வெள்ள? எதுக்கு இவ அழுதா?" என்று மைனி பதறினாள். முத்துசெல்வி எடுத்துச் சொன்னாள். மைனி என் பக்கத்தில் வந்தாள். பிறகு முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"எனக்குப் பாக்கணும்னு வந்து, உனக்குல்லாட்டி தெரிஞ்சிருக்கு. எறங்கு. நான் படுக்கேன்."

"மைனி, உங்களுக்கு வேண்டாம்னா..."

"வாய மூடுட்டி. உன்னத் தனியா தென்காசிக்கு அனுப்பிட்டு நான் இங்கன பழம் வித்துக்கிட்டு இருப்பேனா?"

நான் முழுசாக இறங்குவதற்குள்ளேயே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவள் மேஜையில் ஏறிவிட்டாள்.