திறந்ததும் மூடியதும்

"அந்த டம்ளரைக் கீழ வைங்க."

அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் சமையலறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கணவர் டம்ளரை வாய்க்கருகில் பிடித்திருந்தார். குடத்திலிருந்து மொண்டு கொடுத்த அவருடைய தம்பி செம்பும் கையுமாக அண்ணியைப் பார்த்தான்.

"மாத்திரை போடணுமா வேண்டாமா? முதல்ல அதைச் சொல்லு."

"போடுங்க. காலேஜ்லேர்ந்து கேன்ல தண்ணி கொண்டுவந்திருக்கேன். அதுல போடுங்க."

"நல்லா இருக்கு கதை. தெருவுக்கே தண்ணி திறந்துவிடறவன் நான். நானே கேன் தண்ணி குடிச்சா ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்காதா? ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

அவரைத் தெருவில் வால்வுக்காரர் என்றுதான் சொல்வார்கள். தெருமுனை ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போடுவதும், வால்வைத் திறந்து குழாய்களில் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. அந்தக் கிணறு வருவதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவரும் அவர்தான். அதற்கு முன்பு பெண்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய கிணற்றுக்கு நடந்தார்கள். புதுக் கிணற்றில் தண்ணீர் தேனாக இனித்தது. வால்வுக்காரருக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமை இருந்த இடத்தில் இப்போது வீக்கம் இருந்தது. முதலில் பாதம், பிறகு முகம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். அதே தெருவில் தையற்காரருக்கும் அதேதான், பால்கார அம்மாவுக்கும் அதேதான். வால்வுக்காரரின் மனைவி அரசுக் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். கிணற்றுக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கும் முலாம் பூசும் பட்டறையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. முலாம் பூசுகிற இடத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும். அது மண்ணில் இறங்கினால் தண்ணீரில் கலக்கும். தண்ணீரில் கலந்தால் நேரே சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் சந்தேகத்தைக் காட்டி ஒரு தெருவின் தண்ணீரை நிறுத்த முடியுமா?

வால்வுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் இறங்கிவந்தார்.

"இங்க பாரு டீச்சர், உன் மெஷின்தான் வந்திருச்சே. அது சொல்லட்டும். கெட்ட தண்ணின்னு அது சொன்ன அடுத்த நிமிஷம் நானே போய் வால்வை மூடுறேன். இது சத்தியம். அதுவரைக்கும் என் மானத்தை வாங்காதே."

மாத்திரையைக் கேன் தண்ணீரில் விழுங்கினார். பிறகு டம்ளரையும் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "அது உனக்கு, இது ஊருக்கு" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெஷின் வந்த கதை தனிக் கதை. பின்தங்கிய பகுதிகளில் அறிவியல் ஆராய்ச்சியை வளர்க்க அரசு மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு அவள்தான் விண்ணப்பித்தாள். முதல் தடவை தலைநகரத்துக் குழு கேட்டது: இதற்கு முன் ஆராய்ச்சி செய்த அனுபவம் உண்டா? கருவி இல்லாமல் எப்படிச் செய்வது என்று எழுதினாள். அனுபவம் இல்லாதவர்களுக்குக் கருவியை எப்படி நம்பிக் கொடுப்பது என்று பதில் வந்தது. நீச்சல் தெரிந்தால்தான் தண்ணீரில் இறங்க விடுவார்களாம். அடுத்த தடவை, அந்தப் பகுதி போதுமான அளவு பின்தங்கவில்லை என்றார்கள். அதன் பிறகும் அவள் விடவில்லை. கடைசியில் மானியம் கிடைத்தது, தண்ணீரில் கலந்திருக்கும் உலோகத்தை அளந்து சொல்லும் கருவி மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கம்பெனி ஆள் வந்து பொருத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

சமையலறைப் பேச்சுக்கு மறுநாள் அவள் தெருத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். கருவியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பிரின்சிபால் ரிப்பனின் முடிச்சை அழகுபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், பாட்டிலும் கையுமா?"

"ஒரு சாம்பிள் சார். அரை மணி நேர வேலை."

"அய்யய்யோ! அமைச்சர் வந்து திறக்குற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நாம திறந்துட்டா அவர் எதைத் திறப்பாரு?"

"சார், தெருவுல ஆளுங்க சாகக் கிடக்குறாங்க. என் வீட்டுக்காரரும்தான்."

"எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா அடுத்த மானியம் வேணுமா வேண்டாமா? இன்னும் கொஞ்ச நாள்தான். பொறுத்துக்கங்க."

அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரின்சிபால் கெட்டவர் இல்லை. அவள் கணவரை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்தான். ரிப்பன் கட்டிய பொருளைத் தொடக்கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ரத்தத்தில் ஊறியிருந்தது.

அமைச்சருக்கு முதலில் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு வெளிநாட்டுப் பயணம். பிறகு தேர்தல் வந்தது. அவள் மாதிரியைத் தலைநகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். இதே வசதி தங்கள் கல்லூரியிலேயே உள்ளதால் அங்கேயே பரிசோதித்துக்கொள்ளவும் என்று பாட்டில் திரும்பி வந்தது.

பூட்டை உடைத்திருக்கலாமே என்று இன்று யாரும் சுலபமாகக் கேட்டுவிடலாம். வேலை போனால் ஆஸ்பத்திரிக்கு எதை வைத்துக் கட்டுவது? அவள் ஜன்னல் வழியாக அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனாள், வகுப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். "என்ன டீச்சர், உன் மெஷின் வாயைத் திறந்துச்சா?" என்று அவர் தினமும் கேட்டார். முதலில் கிண்டலாகக் கேட்டார். போகப்போகக் குரலில் கிண்டல் குறைந்தது. கடைசி நாட்களில் கேட்கவே இல்லை, வாசல் பக்கம் அவள் தலை தெரிந்ததும் முகத்தை மட்டும் பார்த்தார். அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

அவர் இறந்துபோன பிறகு வால்வுச் சாவி தம்பியின் கைக்கு வந்தது. தெரு வழக்கம்போலக் குடித்தது.

பிறகு ஒருநாள் அமைச்சர் வந்தே விட்டார். பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலிக்கு வெள்ளைத் துணி. அமைச்சர் கையாலேயே முதல் சோதனை செய்வதாக ஏற்பாடு.

"கடையில வாங்கின சீல் பாட்டில் தண்ணி வச்சிருக்கேன் மேடம்" என்றார் பிரின்சிபால். "அதையே ஊத்துங்க. சுத்தமா வரணும், நம்ம பேரு கெட்டுடக் கூடாது."

"சரிங்க சார்."

இத்தனை வருட வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது. சோதனைக் குழாயில் இருந்தது வீட்டுக் குடத்துத் தண்ணீர். திரைக்குக் கீழே ஒரு சீட்டில் "வரம்பு 3" என்று பெரிதாக எழுதி ஒட்டியும் வைத்திருந்தாள். பார்ப்பவர்களுக்குப் புரியட்டும் என்றுதான்.

அமைச்சர் ரிப்பனை வெட்டினார், கைதட்டல். பொத்தானை அழுத்தினார், அதற்கும் கைதட்டல். திரையில் எண் ஏற ஆரம்பித்தது. மூன்றைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொன்றில் நின்றது. நான் சொன்னது சரி என்ற நினைப்பு அவளுக்கு ஒரு கணம்கூட வரவில்லை. அது உனக்கு, இது ஊருக்கு என்று அவர் சிரித்த முகம்தான் வந்தது.

அமைச்சர் சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா! இவங்க போட்ட வரம்பு மூணு. நாம தொட்டது நாப்பத்தொண்ணு! வரம்பைத் தாண்டிட்டோம். இதைப் பின்தங்கின பகுதின்னு இனிமே எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்!"

பந்தல் அதிரும்படி தட்டினார்கள். பிரின்சிபாலும் தட்டினார். தன் கணவரைக் கொன்ற எண்ணுக்கு ஊரே கைதட்டுவதை அவள் நின்று கேட்டாள். பிறகு ஒலிபெருக்கி முன்னால் போனாள்.

"ஐயா, இது எங்க தெருக் குழாய்த் தண்ணி. மூணுக்கு மேல இருந்தா குடிக்கக் கூடாது. விஷம்."

முன்வரிசையில் தட்டுவது நின்றது. பிரின்சிபால் பதறி ஓடிவந்து ஒலிபெருக்கியை வாங்கினார். "மேடம் சமீபத்துலதான் கணவரை இழந்தாங்க. கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, மன்னிக்கணும்." அமைச்சர் அவளைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார். விசாரிக்கச் சொல்கிறேன் என்றார். கார்கள் கிளம்பின. அமைச்சருக்கு வைத்திருந்த சீல் பாட்டில் மேசைமேல் பாதி குடித்தபடி நின்றது.

தரையில் கிடந்த ரிப்பனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கொழுந்தன் தண்ணீர் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். செருப்பு காலில் ஏறவில்லை. கையால் அமுக்கி அமுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அது ஒண்ணுமில்ல அண்ணி. நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதான்."

அவள் அவன் முன்னால் குந்தி, வீங்கிய பாதத்தை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. எடுத்த பிறகும் பள்ளம் நிறையவில்லை. அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"சாவியைக் கொடுப்பா. உங்க அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாரு. நீயும் பக்கத்துலதான் நின்னே."

அவன் மறக்கவில்லை. "தெரு சும்மா விடாது அண்ணி" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

இருவரும் போய் வால்வைக் கடைசிச் சுற்று வரை இறுக்கினார்கள். குழாய்களில் காற்று வந்து நின்றது. பெண்கள் குடங்களோடு திரண்டு வந்தார்கள். அவள் எண்ணைச் சொன்னாள், தையற்காரரைச் சொன்னாள், பால்கார அம்மாவைச் சொன்னாள். சிலர் குனிந்து தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள். சிலர் நம்பவில்லை.

"மேடை போட்டு அத்தனை பேரு கை தட்டினாங்களே, விஷத்துக்கா தட்டுவாங்க?" என்றாள் ஒருத்தி. "தள்ளு டீச்சர், நான் திறக்கிறேன்."

அவள் தள்ளி நின்றாள். வால்வில் மாட்டியிருந்த சாவியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பிரின்சிபால் போட்ட அதே முடிச்சு.

"அமைச்சர் வந்து திறக்குற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தப் பெண் ரிப்பனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டாள். ஒருவர்பின் ஒருவராக மேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டுக் குடத்தைக் கவிழ்த்துக் காலியாக்கி எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் போனாள்.